கப்பலுக்கு மூன்று பேர்

கேளிக்கைப் பூங்காவின் வாசல் இன்னும் திறக்கவில்லை. அதற்குள் வரிசையின் முன்னால் போய் நின்றுவிட்டது நம் குடும்பம். அது மருமகளின் ஏற்பாடு.

அவள் மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். "சாப்பாட்டுக்கு முன்னாலயா, பின்னாலயா?" என்று கேட்கிறவர்களுக்கு நாளெல்லாம் பதில் சொல்லியே, உலகத்தில் எந்தக் காரியத்துக்கும் ஒரு முன், ஒரு பின் உண்டு என்று நம்ப ஆரம்பித்துவிட்டவள். கதவு திறந்ததும் கூட்டம் கண்ணில் படும் முதல் ராட்டினத்தில் போய் மொய்க்கும், நாம் நேரே கடைக்கோடிக்குப் போய் அங்கிருந்து திரும்பி வரவேண்டும் என்றாள். தண்ணீர்ச் சறுக்குகளை வெயில் ஏறின பிறகுதான் தொடவேண்டும். காலையிலேயே நனைந்தால் ஈரக் காலுறையோடு நாள் முழுக்க நடந்து கொப்புளம் வாங்க வேண்டியதுதான். ஊருக்குப் பசிக்கும் முன் நமக்குப் பசிக்க வேண்டும். தலைசுற்றல் மாத்திரையைத் தலை சுற்றிய பிறகு போட்டால் அது வயிற்றில் தங்காது, முன்கூட்டியே போட்டுக்கொள்ள வேண்டும்.

"நாளைக்குக் கப்பல்லயும் இதே கதைதான்" என்று அவள் ஆரம்பித்தபோது, டிக்கெட்டை எடு, கதவைத் திறக்கப் போகிறார்கள் என்று கணவன் பேச்சை வெட்டினான். ஏன் வெட்டினான் என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

அவள் நாத்தனார் பக்கம் திரும்பினாள்.

"தொலைஞ்சு போனா எங்க வந்து நிக்கணும்?"

"மணிக்கூண்டுகிட்ட. அண்ணி, எனக்குப் பன்னெண்டு வயசு."

"தொலைஞ்சு போறதுக்கு வயசு வரம்பெல்லாம் கிடையாது" என்று சொல்லி, அந்தப் பெண்ணின் முழங்கையின் உட்புறத்தில் பேனாவால் தன் போன் நம்பரை எழுதினாள். வீட்டில் அந்தப் பெண்ணுக்கு வாலு என்று பெயர். எதற்கு அந்தப் பெயர் என்று இந்தத் தொடரைப் படிப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இன்றைக்குத்தான் நம்மோடு வந்து சேர்கிறவர்களுக்கு மட்டும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

வாலுவின் அம்மா கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். அவர்கள் பகுதியில் பாதிப் பேர் ஸ்டியரிங் பிடித்தது அவளிடம்தான். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து "கிளட்ச், கிளட்ச்" என்று அவள் போடும் சத்தத்தில் கிளட்ச் டீச்சர் என்றே பெயர் நிலைத்துவிட்டது. கணவன் போன பிறகு, பிள்ளைகள் இரண்டையும் அந்த ஒரு பழைய காரை வைத்துக்கொண்டே கரையேற்றினாள். போன வருடம் ஒரு சந்திப்பில் சிக்னலுக்காக நின்றிருந்தபோது, பிரேக் பிடிக்காத ஒரு லாரி இடதுபக்கமாக வந்து மோதியது. ஓட்டப் பழகிக்கொண்டிருந்தவருக்குக் கீறல்கூட இல்லை. டீச்சருக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே போயிற்று.

"போனது கிளட்ச் கால்தானே. பிரேக் கால் பத்திரமா இருக்கு" என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி அவள் சொன்னதைக் கேட்டு நர்ஸ் அழுதுவிட்டாள். பிறகு வந்த செயற்கைக் காலுக்கு டீச்சர் வைத்த பெயர் ஸ்டெப்னி.

மூத்தவன், அதாவது வாலுவின் அண்ணன், ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரி. எங்கே வழுக்கும், எங்கே தீப்பிடிக்கும், எது யார் தலையில் விழும் என்று நினைத்துப் பார்ப்பதற்கே சம்பளம் வாங்குகிறவன். தொழிற்சாலைக் குடியிருப்பில் மனைவியோடு இருந்தாலும், விடுமுறைக்கு விடுமுறை அம்மா வீட்டுக்கு வந்து எதையாவது மாற்றிவிட்டுப் போவான். மாடியில் இருந்த கட்டிலைக் கீழே இறக்கினான். குளியலறை முழுக்கக் கைப்பிடி பொருத்தினான். காரை உறை போட்டு மூடி, சாவியைத் தன்னோடு எடுத்துப் போய்விட்டான். எல்லாம் பாசத்தில் செய்ததுதான். ஆனால் பாசமும் கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்கினால் மூச்சு முட்டத்தான் செய்யும்.

இப்படிப்பட்டவன் ஒரு நாள் பூங்கா, மறுநாள் உல்லாசக் கப்பல் என்ற இந்தப் பயணத்துக்கு ஒப்புக்கொண்டதே அதிசயம் என்று போன வாரம் வியந்தோம். அந்தச் சம்மதத்துக்குள் என்ன ஒளிந்திருந்தது என்பது வெயில் உச்சிக்கு வருமுன் வெளியே வந்துவிட்டது.

வாசலைத் தாண்டியதும் அவன் முதல் வேலையாக ஒரு வீல்சேரை வாடகைக்கு எடுத்து வந்தான். பூங்கா பெரியது, நடந்தால் தாங்காது, உட்காருங்கள் அம்மா என்றான்.

டீச்சர் வீல்சேரைச் சுற்றி வந்து பார்த்தாள். பிரேக்கைப் போட்டுப் பார்த்தாள், எடுத்துப் பார்த்தாள். நல்ல வண்டிதான் என்று சொல்லிவிட்டு, நான்கு பேர் பைகளையும் அதில் அடுக்கி, அதன்மேல் தண்ணீர் பாட்டில்களை வைத்து, தானே தள்ளிக்கொண்டு முன்னால் நடந்தாள். வாலு சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டாள். மருமகள் வேறுபக்கம் பார்த்தாள்.

அதோடு விட்டாளா? விருந்தினர் உதவி என்று பலகை போட்ட இடத்தில் நின்றாள். ஒரு கால் இல்லாதவர்கள் எதில் ஏறலாம், எதில் கூடாது என்று அங்கே இருந்த பெண்ணிடம் ஒளிவுமறைவில்லாமல் கேட்டாள். இந்த மாதிரி இடங்களில் வரிசையில் நின்று, கடைசியில் ஏறும் நேரத்தில் முடியாது என்று கேட்டுத் திரும்புவதைவிட, முதலிலேயே கேட்டுக்கொள்வது உத்தமம் என்று மருமகள்தான் முந்தின இரவு காதில் போட்டிருந்தாள். அந்தப் பெண் ஒவ்வொன்றாகச் சொன்னாள். பெரும்பாலானவற்றில் தடையில்லை. பூங்காவிலேயே பெரிய ரோலர் கோஸ்டரான 'கழுகில்' மட்டும் ஒரு நிபந்தனை. செயற்கைக் காலைக் கழற்றிக் கீழே யாரிடமாவது கொடுத்துவிட்டுத்தான் ஏறவேண்டும். வேகத்தில் கழன்று பறந்தால் கீழே நிற்பவர்களுக்கு ஆபத்து.

மகன் சட்டென்று சொன்னான், அது நமக்கு வேண்டாம் என்று. டீச்சர் அந்தப் பெண்ணுக்கு நன்றி சொன்னாள்.

மருமகள் சொன்னதுபோலவே எல்லாம் நடந்தது. கடைக்கோடியில் கூட்டமே இல்லை. படகு ஊஞ்சலிலும் சுழலும் கோப்பைகளிலும் காத்திராமல் ஏறினார்கள். மற்றவர்கள் சாப்பாட்டுக் கடைகளைத் தேட ஆரம்பித்தபோது இவர்கள் சாண்ட்விச் தின்று முடித்து, மரநிழலில் கால் நீட்டியிருந்தார்கள். மகன் எல்லோருக்கும் பழச்சாறு வாங்கப் போயிருந்தான்.

அப்போதுதான் டீச்சரின் போன் அடித்தது.

கூப்பிட்டது அவள் தங்கை. கப்பல் கிளம்பும் துறைமுகத்துக்குப் பக்கத்தில் குடியிருப்பவள். மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளத் தெரியாதவள்.

"நாளைக்கு எத்தனை மணிக்கு வந்து சேருவே? மாடி ஏறக் கூடாதுன்னு உன் பையன் சொன்னான். கீழ் ரூமை ஒழிச்சு, மெத்தையெல்லாம் மாத்தி வெச்சிருக்கேன். அவங்க கப்பல்ல போயிட்டு வர்ற வரைக்கும் நாம ரெண்டு பேரும் ஜாலியா இருக்கலாம்."

எப்போது சொன்னான் என்று டீச்சர் சாதாரணமாகக் கேட்டாள். போன மாதமே சொல்லிவிட்டான் என்றாள் தங்கை. கப்பல் ஆடும், எனக்கு ஆகாது என்று நீயே சொன்னதாகச் சொன்னானே, இல்லையா என்றாள். வருவதற்கு முன்னால் போன் பண்ணுகிறேன் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள் டீச்சர்.

மருமகளைப் பார்த்தாள்.

"கப்பலுக்கு எத்தனை பேருக்குப் பதிவு பண்ணியிருக்கு?"

மருமகளின் முகம் மாறியது. மூன்று பேருக்கு என்றாள். அத்தையே கப்பல் வேண்டாம் என்று சொல்லிவிட்டதாகக் கணவன் சொன்னான். அத்தைக்கு அது மனக்கஷ்டம், அந்தப் பேச்சையே எடுக்காதே என்றும் சொன்னான். கல்யாணமானதிலிருந்து தான் ஆசைப்பட்ட பயணம் இது. அத்தை வராதது குறையாகத்தான் இருந்தது. ஆனாலும் அத்தையின் முடிவை மதிக்க வேண்டும் என்று வாயை மூடிக்கொண்டிருந்ததாகச் சொன்னாள்.

"என்கிட்ட நாலு பேருக்கும் போட்டாச்சுன்னு சொன்னான். நான் நீச்சல் உடைகூட வாங்கிட்டேன்" என்றாள் டீச்சர்.

இப்படி ஒருவருக்கு ஒரு கதையாகச் சொல்லிவைத்து, அம்மா, மனைவி, சித்தி என்று மூன்று பெண்களையும் ஆளுக்கொரு மூலையில் நிறுத்தியிருக்கிறான் ஒருவன். அதில் இருவர் ஒரே மரத்தடியில் உட்கார்ந்திருக்க, மூன்றாமவள் போனிலும் வந்துவிட்டால் அது எத்தனை நேரம் நிற்கும்? தூரத்தில் பழச்சாறுத் தட்டோடு அவன் வருவது தெரிந்தது. ஒரு சொட்டும் சிந்தாமல், ஒவ்வொரு அடியையும் பார்த்துப் பார்த்து வைத்து வந்தான்.

டீச்சர் எழுந்தாள்.

"வாங்க, கழுகுல ஏறலாம்."

வரிசை நீளமாக இருந்தது. மகன் வழி முழுக்க மன்றாடினான். அம்மாவுக்கு ரத்த அழுத்தம் இல்லாவிட்டாலும் வரலாம் என்றான். போன வருடம் எங்கோ ஒரு நாட்டில் இப்படித்தான் ஒரு கம்பி விட்டுப்போயிற்று என்றான். அக்கம்பக்கத்தில் நின்றவர்கள் அதைக் கேட்டு மிரண்டார்கள். டீச்சர் வரிசையோடு முன்னால் நகர்ந்தாள். தன் மனைவி ஏன் தன் முகத்தைப் பார்க்கவில்லை என்று அவனுக்கு அப்போதே சந்தேகம் தட்டியிருக்க வேண்டும். தட்டவில்லை.

ஏறும் மேடையில் கையில் வாக்கிடாக்கியோடு நின்ற பெண் விதியை இன்னொரு முறை சொல்லி, உட்கார ஒரு பெஞ்சைக் காட்டினாள். டீச்சர் உட்கார்ந்து, கால்சட்டையை முழங்கால் வரை சுருட்டினாள். உட்புறம் இருந்த பொத்தானை அழுத்தினாள். 'டக்' என்று சத்தம். ஸ்டெப்னி கையோடு வந்தது. ஷூவும் காலுறையுமாக, அதை அப்படியே மகனிடம் நீட்டினாள்.

"பிடி."

அவன் அதைத் தொட்டதே இல்லை. அம்மா வீட்டில் அது மூலையில் சாத்தியிருக்கும்போதுகூட, சுற்றிக்கொண்டு போகிறவன் அவன். இப்போது நூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் இரண்டு கைகளையும் நீட்டி வாங்கிக்கொண்டான்.

டீச்சர் ஒரு கையை வாலுவின் தோளிலும் மறு கையைக் கம்பியிலும் வைத்து, ஒற்றைக் காலில் இரண்டே தாவலில் இருக்கைக்குப் போய்விட்டாள். ஒரு பக்கம் மகள், மறுபக்கம் மருமகள். இரும்புச் சட்டம் இறங்கித் தோளை அழுத்தியது. வண்டி மெல்ல நகர்ந்து மேலே ஏற ஆரம்பித்தது.

ஏறும்போது அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. பூங்கா, அதற்கப்பால் சாலைகள், அதற்கும் அப்பால் சாம்பல் நிறத்தில் கடல். உச்சியில் வண்டி ஒரு கணம் நின்றது. பிறகு உலகம் காலடியிலிருந்து உருவிக்கொண்டது. விழுந்த வேகத்தில், இல்லாத அவளுடைய இடது கால் தன்னையறியாமல் கிளட்சைத் தேடி மிதித்தது. காற்றைத்தான் மிதித்தது. ஆனால் மிதித்தது என்னவோ உண்மை. விரல்கள் ஐந்தும் மடங்கியதை அவள் உணர்ந்தாள். விபத்துக்குப் பிறகு அவள் இவ்வளவு வேகமாக எங்கும் போனதில்லை. எல்லோரும் அவளை மெதுவாகத்தான் கொண்டுபோனார்கள். இன்னொரு சரிவு வந்தபோது அவள் கத்த ஆரம்பித்தாள். அது பயத்தில் வந்த கத்தல் இல்லை என்பது பக்கத்தில் இருந்த இருவருக்கும் தெரிந்தது. அவர்களும் சேர்ந்து கத்தினார்கள்.

கீழே, இறங்கும் மேடையில், அம்மாவின் காலை மார்போடு அணைத்தபடி அவன் நின்றிருந்தான். அவிழ்ந்திருந்த ஷூ நாடாவை யாரும் சொல்லாமலே இறுக்கிக் கட்டியிருந்தான்.

ராட்டினங்களின் இரைச்சல் குறைவாக இருந்த ஒரு பக்கத்தில், செடிகளுக்கு நடுவே ஒரு பெஞ்சில் டீச்சர் காலை மாட்டிக்கொண்டாள். பிறகு, நிதானமாக, தங்கை போன் பண்ணியதைச் சொன்னாள்.

அவன் மனைவியைப் பார்த்தான். அவள் கண்ணைத் தாழ்த்தாமல் நேராகப் பார்த்தாள். தப்ப வழியில்லை என்று தெரிந்ததும் அவன் கொட்டித் தீர்த்தான். கப்பல் என்றால் தரை ஆடும். தளம் ஈரமாக இருக்கும். ஆபத்து என்று மணி அடித்தால் லிப்டை நிறுத்திவிடுவார்கள், படி இறங்கித்தான் உயிர்காக்கும் படகுக்குப் போகவேண்டும். அந்த நெரிசலில் அம்மாவால் எப்படி இறங்க முடியும்? கேட்டால் முடியும் என்றுதான் சொல்வீர்கள். அதனால்தான் கேட்கவில்லை. பொய் சொன்னது தப்புதான், ஆனால் அம்மா உயிரோடு இருப்பது தனக்கு முக்கியம் என்றான்.

"அதை நீ ஏன்டா முடிவு பண்றே?"

"அன்னைக்கு ஆஸ்பத்திரியில கையெழுத்துப் போட்டது நான்தானேம்மா." அவன் பெஞ்சில் உட்கார்ந்தான். "நீங்க நினைவில்லாம கிடந்தீங்க. காலை எடுக்கலைன்னா உயிர் நிக்காதுன்னு டாக்டர் சொன்னார். யோசிக்க நேரமே கொடுக்கலை. போட்டுட்டேன். அதுக்கப்புறம் உங்களுக்கு எது நடந்தாலும் அது என் பொறுப்புதான்."

வாலு அழ ஆரம்பித்தாள். மருமகள் அவளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். இத்தனை மாதங்களில் அவன் அதை யாரிடமும் சொன்னதில்லை. மனைவியிடமும்கூட.

டீச்சர் மகனின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கண்ணும் நிறைந்துதான் இருந்தது. ஆனால் குரல் இளகவில்லை.

"சரியான கையெழுத்துதான் போட்டே. நான் நினைவோட இருந்திருந்தாலும் அதைத்தான் போட்டிருப்பேன். ஆனா நீ போட்டது ஒரு காலுக்குடா. மீதி உடம்புக்கு இல்லை."

மருமகள்தான் காரியத்துக்கு வந்தாள். கப்பல் நிறைந்துவிட்டது, புதிதாக இடம் கிடைக்காது. அவர்கள் எடுத்திருப்பது மூன்று பேருக்கான அறை, நான்காவது கட்டில் போட வழியில்லை. ஆனால் பதிவு செய்த ஒருவர் பெயரை எடுத்துவிட்டு இன்னொருவர் பெயரைச் சேர்க்கலாம். இன்று மாலை பயணிகள் பட்டியலை மூடும் வரைக்கும் அதற்கு நேரம் உண்டு. பதிவு தன் பெயரில் இருப்பதால் தானே போனில் சொல்லி மாற்றிவிட முடியும் என்றாள்.

யார் பெயரை எடுப்பது என்று யாரும் கேட்கவில்லை. எல்லோர் கண்ணும் ஒரே ஆளிடம் போயிற்று.

அவன் தலையை ஆட்டினான். தான் கூட இல்லாமல் அம்மாவை அனுப்பவே மாட்டேன் என்றான். படி இறங்குவது ஒன்றே போதும், தான் பயப்படுவதற்கு, அதற்கு யாராவது பதில் சொல்லுங்கள் என்றான். சொன்னதையே திருப்பித் திருப்பிச் சொன்னான்.

"பதில்தானே வேணும்" என்று டீச்சர் எழுந்தாள்.

பூங்காவின் நடுவில் ஒரு கோபுரம் இருந்தது. மேலே போய் ஊரைப் பார்க்கலாம். ஏற லிப்ட் உண்டு. இறங்க லிப்டும் உண்டு, வெளிப்பக்கமாகச் சுற்றிச் சுற்றி இரும்புப் படிக்கட்டும் உண்டு. அவள் அதைக் காட்டினாள். மேலேயிருந்து படியில் இறங்கி வருகிறேன். ஒரு தடவை உன் கையைப் பிடித்தாலும் நாளைக்குத் தங்கை வீட்டுக்குப் போய்விடுகிறேன், அப்புறம் கப்பல் பேச்சே எடுக்கமாட்டேன் என்றாள். பிடிக்காமல் இறங்கிவிட்டால்?

அதை அவள் சொல்லி முடிக்கவில்லை. அவனும் கேட்கவில்லை.

மருமகளும் வாலுவும் கீழே நின்றுகொண்டார்கள். அம்மாவும் மகனும் மேலே போனார்கள்.

கோபுரத்தின் உச்சியில் காற்று பலமாக இருந்தது. டீச்சர் ஓரமாக உட்கார்ந்து மறுபடி காலைக் கழற்றினாள். நடந்து நடந்து பிற்பகலில் முழங்காலுக்குக் கீழே மிஞ்சியிருக்கும் கால் சற்று மெலிந்துவிடும், செயற்கைக் கால் தொளதொளக்கும். வியர்வையைத் துடைத்து, பையிலிருந்த இன்னொரு காலுறையைச் சேர்த்துப் போட்டு, அழுத்தி மாட்டினாள். எழுந்து நின்று அதன்மேல் எடையைப் போட்டுப் பார்த்தாள். அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். இவ்வளவு விஷயம் இதில் இருக்கிறது என்று அவனுக்குத் தெரியாது. அவன் கைப்பிடிகளைப் பொருத்தினானே தவிர, அவள் எப்படி நடக்கிறாள் என்று நின்று பார்த்தது கிடையாது.

இறங்க ஆரம்பித்தார்கள். அவன் ஒரு படி கீழே, அவளைப் பார்த்தபடி, பின்பக்கமாகவே இறங்கினான். அப்படி இறங்கி நீ விழுந்து வைக்காதே, நேராகப் பார் என்று அவள் அதட்டினாள். அவன் திரும்பிக்கொண்டான்.

முதலில் செயற்கைக் கால், பிறகு நல்ல கால். இடது கை எப்போதும் கம்பியில். கீழே பார்த்தால் படியின் சல்லடை வழியாகத் தரை தெரிந்தது. அவள் பார்க்கவில்லை. பாதி தூரம் வந்திருக்கும்போது பின்னால் இளைஞர் கூட்டம் ஒன்று தடதடவென்று வந்து, வழியில்லாமல் நின்றது. ஓவர்டேக் பண்ணிக்கொள்ளுங்கள், நான் இடதுபக்கம்தான் போகிறேன் என்றாள் டீச்சர். அவர்கள் சிரித்துக்கொண்டே ஒவ்வொருவராகத் தாண்டிப் போனார்கள்.

கடைசியாகப் போனவனின் பை அவள் தோளில் இடித்தது.

ஸ்டெப்னியின் நுனி படியின் விளிம்பில் சறுக்கியது. உடம்பு முன்னால் சாய்ந்தது. மகன் சத்தம் கேட்டுத் திரும்பினான். இரண்டு கைகளும் தாமாகவே நீண்டன.

"கை" என்றாள் அம்மா. அந்த ஒரு சொல்தான்.

பிடிக்கக் கேட்கவில்லை, எடுக்கச் சொல்கிறாள் என்று அவனுக்குத் தெரிந்தது. அவள் இரு கையாலும் கம்பியைப் பற்றி, நல்ல முழங்காலை மடக்கி, படியில் தொங்கியமாதிரி நின்றாள். நெற்றியில் நரம்பு புடைத்தது. அவன் கைகள் அவளைத் தொடுவதற்கு ஒரு விரல் தூரத்தில் நின்றன. அவன் வாழ்க்கையில் செய்ததிலேயே கஷ்டமான வேலை அதுவாகத்தான் இருக்கும். கைகளை மடக்கி, தன் அக்குளில் செருகிக்கொண்டான்.

அவள் மெல்ல நிமிர்ந்தாள். மூச்சை விட்டாள். காலைப் படியில் ஒழுங்காக வைத்தாள்.

"வலிக்குதாம்மா?"

"வலிக்குது. நட."

கீழே போகப் போக அவள் வேகம் கூடியதா, அவனுக்குத்தான் அப்படித் தோன்றியதா தெரியாது. கடைசிப் படியிலிருந்து தரைக்கு வந்தபோது வாலு ஓடிவந்து இடுப்பைக் கட்டிக்கொண்டாள். டீச்சரின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. முகம் வெளுத்திருந்தது. ஆனால் கோபுரத்தை அண்ணாந்து பார்த்த பார்வையில், புதிதாக லைசென்ஸ் வாங்கியவர்களுக்கு வரும் திமிர் இருந்தது.

மகன் மனைவியிடம் போனான்.

"என் பேரை எடுத்துடு. அம்மா பேரைப் போடு."

"போட்டாச்சு" என்றாள் அவள்.

அவனுக்குப் புரியவில்லை. அவள் விளக்கினாள். அவர்கள் லிப்டில் ஏறியதுமே போன் பண்ணிவிட்டாள். செயற்கைக் கால் என்று மறைக்காமல் சொன்னாள். தாராளமாக வரலாம், முதலிலேயே சொன்னது நல்லது, படிக்குப் பக்கத்திலேயே, ஆட்டம் குறைவாகத் தெரியும் நடுத்தளத்தில் இதற்கென்றே ஒதுக்கிவைத்திருக்கும் அறையை மாற்றித் தருகிறோம், குளிக்கும்போது உட்கார ஒரு முக்காலியும் போட்டுவைக்கிறோம் என்றார்களாம்.

"அம்மா இறங்குவாங்களா மாட்டாங்களான்னு தெரியறதுக்கு முன்னாடியேவா?"

"இறங்கினாதான் கூட்டிட்டுப் போகணும்னு எனக்குத் தோணலை. அவங்க நாலு தடவை விழுந்திருந்தாலும் பேரை மாத்தியிருப்பேன். பரீட்சை கேட்டது நீங்க. நான் இல்லை."

அதைச் சத்தமில்லாமல்தான் சொன்னாள். டீச்சர் காதில் விழுந்தது. அவள் மருமகளைப் புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

வாலு, நீச்சல் உடையும் மாத்திரையும் கைப்பையிலேயே இருக்கவேண்டும், பெரிய பெட்டிகள் அறைக்கு வந்துசேரச் சாயங்காலமாகிவிடும் என்று அண்ணி சொன்ன பாடத்தை அம்மாவிடம் ஒப்பிக்க ஆரம்பித்தாள். டீச்சர் மகளின் தோளில் கை வைத்தபடி, தண்ணீர்ச் சறுக்குப் பக்கம் மெதுவாக நடந்தாள். வெயில் நன்றாக ஏறியிருந்தது. நனைய நல்ல நேரம்.

பின்னால் கணவனும் மனைவியும் தனியாக நின்றார்கள். கப்பல் திரும்பி வரும் நாளில் துறைமுகத்துக்கு வந்து நிற்கட்டுமா என்று அவன் கேட்டான். அம்மாவை அழைத்துப் போக அல்ல, உன்னை அழைத்துப் போக என்றான்.

கழுகு ஒரு முறை உச்சிக்குப் போய் அலறிக்கொண்டு இறங்கும் வரை அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்கிட்ட இன்னும் எத்தனை கதை சொல்லியிருக்கீங்கன்னு யோசிச்சு வைங்க" என்றாள். "கடல்ல நான் அதைத்தான் யோசிக்கப் போறேன்."

சொல்லிவிட்டு, முன்னால் போகிற இருவரோடு சேர்ந்துகொள்ள எட்டி நடந்தாள்.